ஜாஸ் ஸங்கீதமும் வேலியும்

(ஒரு பழைய மாணவன்)

சென்ற ஆண்டு பழைய மாணவர் கூட்டம் முடிந்து சிற்றுண்டி அருந்துகையில், எங்களுள் ஒருவர் தாம் சென்னையில் ஒரு கிளப்பிலே கேட்டு வந்த ஜாஸ் கச்சேரியைப்பற்றி மிக்க உற்சாகத்தோடு எடுத்துரைத்தார். வெளிதேசத்திலிருந்து விருந்தாளியாக வந்த வித்துவான் ஒருவர், அன்று மாலைதான் முதன்முதலாகக் கண்ட உள்ளூர் வாத்தியக்காரர் மூவரோடு கூடி, இரண்டு மணி நேரம் வாசித்தனராம். "நமது திருச்சியில் இப்படி ஒன்று நடக்குமா?" என்று அவர் கேட்டதும் கூடியிருந்தோர் அனைவரும் நகைத்தனர். அந்நகைப்பில் நானும் கலந்துகொண்டேன். வீடு திரும்பும் வழியில், மன்னார்புரம் நாற்சந்தியில் வண்டி நின்றபொழுதுதான், நான் நகைத்தது எவ்வளவு பேதைமை என்பது எனக்குப் புலனாயிற்று. இவ்வூரில் அது நடந்திருக்கின்றது. என் காதாலேயே நான் கேட்டிருக்கிறேன். ஆனால் வேலிக்கு வெளியே நின்று கேட்டேன், அவ்வளவே வேற்றுமை.

எங்கள் குடும்பம் மன்னார்புரத்திற் குடியிருந்தது. என் தகப்பனார் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. 1960-களின் நடுவில், நான் பள்ளிச் சிறுவனாயிருந்த காலத்தில், சனிக்கிழமை இரவுகளில் காற்று கிழக்கிலிருந்து வீசுமாயின், இருப்புப்பாதைக்கு அப்பாலிருந்து டிரம்பெட்டின் ஓசை எங்கள் வீட்டுத் திண்ணைவரை வந்து எட்டும். என் தாயார் அதனை "சட்டைக்காரர் பாண்டு" என்று சொல்லுவார். ஆங்கிலோ-இந்தியர்களை அக்காலத்தில் அப்படித்தான் அழைப்பர். அதில் அன்புமில்லை, பகையுமில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கிய ஓர் இரவில் நானும் என் தமையனாரும் அவ்வோசையைத் தொடர்ந்து நடந்து ஒரு கிளப்பின் வேலியோரம் போய் நின்றோம். அவ்விடத்தின் பெயர் இங்கே அவசியமன்று. ஜன்னல்கள் திறந்திருந்தன. உள்ளே ஆடவரும் மகளிரும் கைகோத்து நடனமாடினர். எங்களுக்கு நடனம் வேடிக்கையாயிருந்ததேயன்றி அதில் நாட்டம் செல்லவில்லை. மேடையின்மேல் இருந்த ஐந்து பேரையே நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருள் ஸாக்ஸபோன் ஊதியவர் ரயில் எஞ்சின் டிரைவர் என்பதும், தோல்வாத்தியங்களை முழக்கியவர் பொன்மலைத் தொழிற்சாலையில் பிட்டர் என்பதும் பின்னால் தெரிய வந்தன. டிரம்பெட் வாசித்தவர்மட்டும் சென்னையிலிருந்து அன்றைக்கென அழைக்கப்பட்டவர்.

அந்த விருந்தாளியினால் உண்டான மாறுதலை இன்றும் என்னால் நினைவுகூர முடியும். வாரந்தோறும் கேட்டுப் பழகிய மெட்டுக்கள்தாம். ஆனால் அன்று ஒரு மெட்டைப் பாதியில் அவர் எங்கேயோ இழுத்துக்கொண்டு போனார். எஞ்சின் டிரைவர் ஒரு கணம் திகைத்து நின்று, பிறகு சிரித்தார். அப்புறம் தாமும் தம் வாத்தியத்தை எடுத்து, அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, வேறொரு வழியில் திரும்பி வந்தார். நடனமாடியவர்களிற் சிலர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தனர். அச்சமயத்தில் வாயிற்காவலர் எங்களைக் கண்டு, "தம்பிகளா, இங்கே நிற்கப்படாது, வீட்டுக்குப் போங்கள்" என்று துரத்திவிட்டார். அவர்மேல் குற்றமில்லை; அவருக்கு இடப்பட்ட கட்டளை அது. அந்த மெட்டு எப்படி முடிந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஜாஸ் என்பது யாது என்று மாணவர் சிலர் கேட்கலாம். கர்நாடக ஸங்கீதத்தைச் சிறிதேனும் கேட்டறிந்தவருக்கு அதனை விளக்குதல் கடினமன்று. முதலில் எல்லோரும் கூடி ஒரு மெட்டை வாசிப்பர். அது பெரும்பாலும் 12 அல்லது 32 தாளக்கட்டுக்கள் கொண்டதாயிருக்கும். பின்னர் ஒவ்வொருவராக முறைவைத்து அம்மெட்டின்மேல் தத்தம் கற்பனையை விரிப்பர். மற்றவர் அடக்கி வாசித்து அவருக்குத் துணைசெய்வர். இறுதியில் மெட்டு மீண்டும் வரும். பல்லவி பாடி, நிரவல் செய்து, கற்பனை ஸ்வரம் கோத்து, தனி ஆவர்த்தனம் விட்டு, மறுபடியும் பல்லவியின் எடுப்பிற்கு வந்து சேர்கின்ற நமது வித்துவானுடைய வேலையும் இதுவேயன்றோ? வேற்றுமை ஒன்று உண்டு, அதுவும் பெரிது. நமக்கு எல்லை வகுப்பது ராகம். அவர்களுக்கு எல்லை வகுப்பது பியானோவோ கிட்டாரோ மூன்று நான்கு ஸ்வரங்களை ஒருங்கே ஒலித்து எழுப்பும் கூட்டொலி. அக்கூட்டொலி தாளக்கட்டுக்குத் தாளக்கட்டு மாறிக்கொண்டே செல்லும். வாசிப்பவர் அதன்மேல் கால்வைத்து நடக்க வேண்டும். ஓடுகின்ற ரயில் வண்டியில் பெட்டிக்குப் பெட்டி தாண்டுவதைப் போன்றது என்று ஒரு நண்பர் சொன்னார். உவமை கொஞ்சம் பயங்கரமானதாயினும் பொருத்தமானதே.

இன்னும் ஓர் ஒற்றுமையையும் சொல்லவேண்டும். நமது கச்சேரி மேடையில் பாடகர் ஓர் ஊரிலிருந்தும், பிடில்காரர் வேறோர் ஊரிலிருந்தும், மிருதங்கக்காரர் மூன்றாவது ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகை யாதுமின்றி உட்காருகின்றனர். பாடகர் எந்த ராகத்தை எடுப்பார் என்பது பிடில்காரருக்குத் தெரியாது. ஒருவரையொருவர் காதால் மட்டுமே அறிந்து மூன்று மணி நேரம் வாசிக்கின்றனர். இவ்வகை வாசிப்பை நன்கு ரசிக்கத் தெரிந்த காது உலகத்திலே எங்கேயாவது உண்டென்றால், அது காவிரிக் கரையிலும் உண்டு. "திருச்சியில் ஜாஸ் கேட்க ஆள் ஏது?" என்று நகைத்தவர்களுக்கு என் முதல் விடை இது.

இந்த ஸங்கீதம் எவ்விடத்திற் பிறந்ததென்பதை, மிஷன் கல்லூரியில் பயின்ற நாம் ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். அமெரிக்காவில் அடிமைத்தளையிற் கிடந்த நீக்ரோ ஜனங்கள் தோட்டங்களிலும் ஜெபக் கூட்டங்களிலும் பாடிய பாட்டுக்களே அதன் வேர்களுள் ஒன்று. அடிமைத்தனம் 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. மறு ஆண்டிலேயே, விடுதலை பெற்றவர்களின் கல்விக்காக, மிஷன் சங்கத்தார் ஒருவர் டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரில் பிஸ்க் என்னும் கல்லூரியை நிறுவினர். பணமின்றி அது மூடப்படும் நிலையை அடைந்தபோது, 1871-இல் அக்கல்லூரி மாணவ மாணவியர் சிலர் ஊர் ஊராய்ச் சென்று தங்கள் முன்னோரின் பாட்டுக்களைப் பாடிப் பொருள் திரட்டினர். அப்பணத்தினால் எழும்பிய கட்டடத்திற்கு ஜூபிலி மண்டபம் என்று பெயர். அது இன்றும் நிற்கின்றது. அப்பாடகர் குழுவின் வழிவந்த ஒரு கூட்டத்தார் பிரடெரிக் லவுடின் என்பவரின் தலைமையில் 1880-களின் இறுதியில் உலகைச் சுற்றி வருகையில் நமது இந்தியாவிற்கும் வந்து பாடினர். ஆகவே ஜாஸ் பிறப்பதற்கு முன்னரே அதன் தாய் இந்நாட்டிற்கு விருந்தாளியாக வந்து போயிருக்கின்றாள்.

அவ்வேரிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் தெருப் பாண்டு வாத்தியங்களோடு கலந்து ஜாஸ் எழுந்தது. 1917-இல் முதன்முதலாக அதனை இசைத்தட்டிற் பதித்தவர்கள் வெள்ளையர் கூட்டத்தார் என்பது சரித்திரத்தின் பரிகாசங்களுள் ஒன்று.

பம்பாய்த் தாஜ்மஹால் ஹோட்டலில் 1935-இல் லியான் அபே என்னும் கறுப்பின வித்துவானின் கூட்டத்தார் வந்து வாசித்தனர். அவர்களுக்குப் பின் வந்தவர்களுள் டெடி வெதர்போர்டு என்ற பியானோ வித்துவான் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நெடுங்காலம் தங்கி, 1945-இல் கல்கத்தாவிலேயே வாந்திபேதி கண்டு இறந்தார். இவ்விருந்தாளிகளின் அருகிலிருந்து கற்றுக்கொண்டவர்கள் கோவாக்காரரும் ஆங்கிலோ-இந்தியருமாவர். கோவாவிற் பிறந்த அந்தோனி ஸேவியர் வாஸ் என்பவர் 'சிக் சாக்லெட்' என்ற பெயரோடு டிரம்பெட் வாசித்து, இந்தியாவின் ஆர்ம்ஸ்ட்ராங் என்று கொண்டாடப்பட்டார். கோவாத் தேவாலயப் பள்ளிகளில் ஸ்வரக்குறிப்பு வாசிக்கப் பழகிய இவர்களே பிற்காலத்தில் பம்பாய்ச் சினிமா வாத்திய கோஷ்டிகளின் முதுகெலும்பாயினர். ஹோட்டலில் பணக்காரருக்காக வாசித்த வாசிப்பு, சினிமாவின் வழியாக, ஒரு பைசா கொடாமல் டீக்கடை வாயிலில் நின்றவன் காதிலும் விழுந்தது. நமது சென்னைப் படங்களிலும் அவ்வாறே. 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் பாட்டு ஒலிப்பதிவு செய்யும் காட்சி ஒன்று வரும். அதிலே வாத்தியக்காரர் கூட்டத்தைத் திரையிற் கண்டபோது, வேலிக்கு அப்பால் நான் பார்த்த ஐந்து பேரும் வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டதுபோல எனக்குத் தோன்றிற்று.

நமது பக்கத்து வித்துவான்கள் இவ்விருந்தில் வெறும் பந்திக்காரராய் இருந்துவிடவில்லை. 1958-இல் டேவ் புரூபெக் என்ற பியானோ வித்துவானையும் அவர் கூட்டத்தார் மூவரையும் அமெரிக்க அரசாங்கத்தார் இந்தியாவிற்கு அனுப்பினர். அவர்கள் சென்னைக்கு வந்தபோது, தோல்வாத்தியக்காரர் ஜோ மொரெல்லோவும் பழனி சுப்பிரமணிய பிள்ளையவர்களும் சேர்ந்து வாசித்தனர். பிள்ளையவர்கள் இடது கையால் மிருதங்கம் வாசித்த மேதை. அவருடைய தகப்பனார் முத்தையா பிள்ளை, புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளையின் சீடர். திருச்சியிலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்தில் இருக்கும் புதுக்கோட்டையின் லயவழி, அமெரிக்காவின் லயத்தோடு ஒரே அறையில் உட்கார்ந்து கேள்வியும் விடையுமாய்ப் பேசிக்கொண்டது! இதனை நம்மூர்ச் சிறுவர்களுக்கு யாராவது சொல்லிக்கொடுக்கின்றார்களா? ஊர் திரும்பியபின் புரூபெக் இயற்றிய 'கல்கத்தா புளூஸ்' என்ற உருப்படியில் மொரெல்லோ கோலைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் வாசித்தார். மறு ஆண்டில் அவர் கூட்டத்தைச் சேர்ந்த பால் டெஸ்மண்ட் ஐந்து எண்ணிக்கையுள்ள தாளத்தில் 'டேக் பைவ்' என்னும் மெட்டை அமைத்தார். மேல்நாட்டார் அதனைப் புதுமையென்று வியந்தனர். கண்டசாபு போட்டுப் பழகிய நமக்கு அதில் கால் தடுக்காது.

இதே புரூபெக்கைப்பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. 1960-இல் அமெரிக்கத் தென்மாகாணக் கல்லூரிகள் பலவற்றில் அவருக்குக் கச்சேரிகள் ஏற்பாடாகியிருந்தன. அவர் கூட்டத்தில் பெரிய தந்திவாத்தியம் வாசித்த யூஜின் ரைட் கறுப்பினத்தவர். அவரை நீக்கிவிட்டு வேறொருவரை அழைத்து வருமாறு அக்கல்லூரிகள் கேட்டன. புரூபெக் மறுத்துவிட்டார், பெரும்பாலான கச்சேரிகள் நின்றுபோயின. அவருக்குப் பணநஷ்டம் சிறிதன்று. நான் இதனைப் படித்தபோது, அந்தக் கல்லூரிகளில் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் வாசிக்கவே வந்தவர் என்பதை எண்ணி நெடுநேரம் சும்மாயிருந்தேன்.

மங்களூர்ப் பக்கத்துக் கதிரி கோபால்நாத் அவர்கள் செய்ததும் இவ்விடத்திற் சொல்லத்தக்கது. மைசூர் அரண்மனைப் பாண்டில் ஸாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதிலே கமகம் பேசவைக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டார். 1980-இல் பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் அவருடைய வாசிப்பைக் கேட்ட அமெரிக்க வித்துவான் ஜான் ஹாண்டி, தாமும் உடன் வாசிக்க அனுமதி கேட்டு மேடையேறினார். ஒருவருக்குக் கூட்டொலி வழி. மற்றவருக்கு ராக வழி. இடையிலே ஒத்திகை கிடையாது. ஸாக்ஸபோன் அந்நிய வாத்தியமென்று முகஞ்சுளிப்போர், பிடில் எங்கிருந்து வந்ததென்பதையும் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டும். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் சகோதரர் பாலுஸ்வாமி தீக்ஷிதர் சென்னையில் ஐரோப்பிய வித்துவானிடம் அதனைக் கற்றார். முத்துஸ்வாமி தீக்ஷிதரோ கோட்டைப் பாண்டின் மெட்டுக்களுக்கு ஸமஸ்கிருதத்தில் ஸாகித்தியமே செய்துவிட்டார்.

இத்தனையும் இருக்க, நமது ஊரில் அது ஏன் மறைந்தது? தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடம் திருச்சியில் இருந்தது. 1951-இல் தெற்கு ரயில்வே அமைந்து தலைமையிடம் சென்னையாயிற்று. பெரிய உத்தியோகஸ்தர் பலர் போய்விட்டனர். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் முதலில் இங்கிலாந்திற்கும், பின்னர் ஆஸ்திரேலியாவிற்கும் கப்பலேறின. என் வகுப்பிலிருந்து மட்டும் மூவர் போயினர். இசைத்தட்டும் ஒலிபெருக்கியும் வந்தபின் ஐந்து பேருக்குக் கூலி கொடுப்பானேன் என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. இவையெல்லாம் உண்மையான காரணங்களே. ஆயினும் முதற்காரணம் வேலிதான் என்பது எனது அபிப்பிராயம். அந்த ஸங்கீதத்தை ஊர் கேட்க விட்டிருந்தால், வாசித்தவர்கள் போனபின்னும் ஊரில் ஒருவனாவது அதைத் தொடர்ந்திருப்பான். உள்ளே இருந்தவர்களுக்கு மட்டுமே உரியதாய் இருந்தமையால், அவர்களோடு அதுவும் கப்பலேறிற்று.

இக்குற்றம் ஆங்கிலோ-இந்தியரை மட்டும் சார்ந்ததன்று. அவர்களுக்கு அந்தச் சனிக்கிழமை இரவு தவிர வேறொன்றும் இருந்ததில்லை. வெள்ளைக்காரரும் அவர்களை உள்ளே விடவில்லை, நாமும் நம் வீட்டுத் திண்ணைக்குமேல் ஏற்றவில்லை. நமது கர்நாடகக் கச்சேரிகளிலும் நெடுங்காலம் உள்ளே உட்கார்ந்தவர் யார், வெளியே நின்று கேட்டவர் யார் என்று விசாரித்தால், நமக்கும் தலை நிமிராது. 1939 மே 16-இல் திருச்சி வானொலி நிலையம் திறக்கப்பட்டபின்தான் அந்தக் கச்சேரிகளுள் பல, வேலி தாண்டிப் பலர் வீட்டிற்குப் போயின.

இனி ஆக்ஷேபங்களுக்கு வருவோம். ஜாஸ் என்றால் மதுவும் நடனமும் என்கின்றனர் பெரியோர் சிலர். அது அரைவாசி மெய். ஹோட்டல்காரனுக்கு வாத்தியம் ஒரு தூண்டில், கோப்பைதான் வியாபாரம். இன்று பெருநகரங்களில் நடக்கும் ஜாஸ் மாலைகளிலும் ஒரு மேஜைக்கு ஆகும் செலவில் ஒரு மாணவன் ஒரு மாதச் சாப்பாட்டுக் கட்டணம் கட்டிவிடலாம். இதனால்தான் நான் கிளப் வேண்டாமென்கிறேன். ஸங்கீதத்தை வேண்டாமென்று சொல்லவில்லை. மற்றோர் ஆக்ஷேபம், மாணவர் படிப்புக் கெடும் என்பது. கையடக்கமான கருவியில் இரவு முழுவதும் ஏதேதோ கேட்கும் மாணவன், ஆண்டிற்கு நான்கு மாலை ஒரு மண்டபத்தில் அசையாமல் உட்கார்ந்து, கண்ணெதிரே மனிதர் வாசிப்பதைக் கேட்பதனால் என்ன கெட்டுவிடுவான்? கேட்பவனுடைய பொறுமைதான் இக்காலத்தில் அருகிவரும் பொருள்.

நான் வேண்டுவது அதிகமன்று. நமது கல்லூரி மண்டபத்தில் மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒரு மாலை. ஒரு விருந்தாளி வித்துவான்; சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து வரலாம். அவருடன் வாசிப்பவர்கள் இவ்வூர்க்காரராகவே இருக்க வேண்டும். தேவாலயப் பாடகர் குழுவில் ஆர்கன் வாசிக்கும் பையனும், மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துக் கல்யாணத்திற்குக் கல்யாணம் அலையும் பையனும், மிருதங்கம் பயிலும் மாணவியும் நமக்குள் இருக்கின்றனர். முழுக் கூட்டத்தையும் வெளியூரிலிருந்தே அழைத்துவந்தால் அது வேடிக்கை. மறுநாள் ஊரில் ஒன்றும் மிஞ்சாது. விருந்தாளி ஒருவராயிருந்தால் அவர் போகும்போது ஏதேனும் ஒன்றை விட்டுப்போவார். அன்று எஞ்சின் டிரைவர் திகைத்துச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பை நம் பிள்ளைகள் முகத்தில் நான் பார்க்க வேண்டும். வித்துவானுக்குச் சால்வையும் எலுமிச்சம்பழமும் கொடுத்து அனுப்பிவிடாமல், பேசிய தொகையை அன்றிரவே கையிற் கொடுத்துவிட வேண்டும். அனுமதிச் சீட்டு இருக்கலாம். ஆனால் சீட்டு வாங்க முடியாதவனுக்கும் ஒரு பக்கம் இடம் இருக்க வேண்டும். கதவுகள் திறந்திருக்கட்டும். வாசலில் நிற்கும் பையனை ஒருவரும் துரத்த வேண்டாம்.

எல்லா மாலையும் நன்றாயிராது என்பதையும் இப்பொழுதே சொல்லிவிடுகிறேன். அன்று வேலியோரம் நான் கேட்டவற்றிலும் பாதி சுமாரான மெட்டுக்களே. ஒத்திகையில்லாத வாசிப்பில் விழுவதும் உண்டு. விழுந்தவர் எப்படி எழுகின்றார் என்பதைப் பார்ப்பதற்கும் சேர்த்துத்தான் அங்கே போகிறோம்.

முடிவாக ஒரு சிறு விஷயம். மண்டபத்து மேடையின் இடப்பக்கத்தில் ஒரு பழைய பியானோ இருக்கின்றது. சென்ற கூட்டத்தின்போது அதன்மேல் பூச்சாடி ஒன்றும், பரிசுக் கோப்பைகளும், ஒலிபெருக்கிக்காரரின் கம்பிச் சுருளும் இருந்தன. மூடியைத் திறந்து நடுவிலுள்ள கட்டை ஒன்றை அழுத்திப் பார்த்தேன். ஒலி வந்தது, ஸ்வரந்தான் சரியாயில்லை. கீழ்வரிசையில் மூன்று கட்டைகள் அழுந்தியபடியே நின்றுவிட்டன. சுருதி சேர்ப்பவரைச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். அவருக்கு ஆகும் செலவில் பாதியை நான் தருகிறேன். மற்றப் பாதியைத் தருபவர் எவராயினும் ஆண்டுமலர் ஆசிரியருக்கு எழுதலாம்.